ஆயில் எஞ்சினில் வந்த தாய்மாமன்

பசுமலையில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த ஒரே அமெரிக்கப் பொருள் காசிமாயனுடைய பிக்கப் வண்டிதான். கொடைக்கானலுக்கும் மதுரைக்குமாக அலைந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், சொந்த ஊருக்கே திரும்பிப் போகக் கிளம்பியபோது, கப்பலில் ஏற்ற முடியாததையெல்லாம் விற்றுவிட்டுப் போனது. புத்தியுள்ளவர்கள் கட்டில் வாங்கினார்கள், பீரோ வாங்கினார்கள். காசிமாயன் வண்டியை வாங்கினான். முன்னால் ஒரு நீள சீட்டு, பின்னால் திறந்த தொட்டி, மூக்கு மட்டும் ஒரு மாட்டுக்கொட்டகை அகலம். ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் போகும் பஸ்ஸை முந்த வேண்டுமென்றால், வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் அவன் பெண்டாட்டி தங்கப்பொண்ணு தலையை வெளியே நீட்டிப் பார்த்து, "ம், போ" என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லி அவன் கேட்டது அந்த ஒரு காரியத்தில் மட்டும்தான்.

திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பூ மூட்டை ஏற்றி மதுரைக்குக் கொண்டுவருவது அவன் தொழில். அரபுக்காரன் பெட்ரோல் விலையை ஏற்றும் வரைக்கும் அது ஒரு மாதிரியாக ஓடியது. அப்புறம் பூவில் வந்ததெல்லாம் பெட்ரோலுக்கே போயிற்று. வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. தங்கப்பொண்ணு தொட்டியில் மிளகாய் காயப்போட்டாள். சீட்டுக்கு அடியில் கோழியை அடை வைத்தாள். எனக்குத் தெரிந்து அந்த வண்டி யாருக்காவது ஒழுங்காகப் பயன்பட்ட காலம் அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் காசிமாயனுக்கு அமெரிக்காவின் எதிர்காலம் தெரிய ஆரம்பித்தது. பேயாண்டியின் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு தினமும் அதை எல்லோருக்கும் அறிவித்தான்.

"இன்னும் பத்து வருசம். அதுக்கு மேல அமெரிக்காவுல ஒரு பிக்கப்பும் பெட்ரோல்ல ஓடாது. பூராவும் டீசலு. அவென் மாறுறதுக்குள்ள நம்ம மாறிக்கிரணும்."

"யாருண்ணே சொன்னா?" என்று பேயாண்டி கேட்டான்.

"வண்டிய வித்தாருல்ல தொரை, அவரு வாயாலயே சொன்னாரு."

துரைக்குத் தமிழில் தெரிந்தது 'வணக்கம்', 'எவ்வளவு', 'காரம் வேண்டாம்'. காசிமாயனுக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது 'எஸ்', 'நோ', 'தேங்க்யூ'. இதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு தேசத்தின் எதிர்காலத்தை எப்படிப் பேசி முடித்தார்கள் என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன்.

இந்த ஆரூடத்துக்கு ஒரே எதிர்க்கட்சி அவன் தங்கை மாயக்காளின் புருஷன் நல்லகாமன். அரசாங்க பஸ்ஸில் டிரைவர். திருமங்கலத்துக்கு மேற்கே உள்ளே தள்ளிய கரிசல் கிராமத்துக்காரன். டீசல் என்பதைத் தன் குலதெய்வம் மாதிரி நினைத்துக்கொண்டிருப்பவன்; அதைக் கண்டவனும் கும்பிடுவது அவனுக்குப் பொறுக்காது.

"மச்சான், டீசலுக்குன்னே பொறந்த வண்டி வேற. இது பெட்ரோலுக்குப் பொறந்தது. வேற எஞ்சின கொண்டாந்து வச்சா வாழாது. அமெரிக்காக்காரனுக்கே டீசல் ஒத்துவரலையாம். வாங்குனவென் பூராம் ஒர்க்‌ஷாப் வாசல்ல நிக்கிறானாம். டிப்போவுல பேசிக்கிட்டாக."

"உங்க டிப்போவுல பஞ்சர் ஒட்டுறவனுக்கு அமெரிக்கா நெலவரம் தெரியுமாக்கும்! போ மாப்ள."

இரண்டு பேரும் திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு அடி எடுத்து வைத்ததில்லை. பேச்சு மட்டும் சிகாகோவுக்குக் குறைந்து இறங்காது.

கடைசியில் காசிமாயன் டீசலுக்கு மாறியேவிட்டான். லாரி எஞ்சின் வாங்க வசதி இல்லை. கிராமத்துக் கிணறுகளுக்கெல்லாம் கரண்ட் வந்துகொண்டிருந்த நேரம். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஆயில் எஞ்சின்கள் சும்மா கிடந்தன. அதில் ஒரு ரெட்டை சிலிண்டரை மாட்டுவண்டியில் ஏற்றித் தெற்குவாசல் அப்துல் லத்தீப்பின் பட்டறைக்குக் கொண்டுபோனான். லத்தீப் பாய் எதைக் கேட்டாலும் 'வச்சிரலாம்ணே' என்று சொல்லும் மனிதர். அம்மிக்கல்லுக்குச் சக்கரம் வைக்கச் சொன்னாலும், எத்தனை சக்கரம் என்றுதான் கேட்பார். முன்பக்கத் தகட்டை வெட்டினார், சட்டத்தை வெட்டினார், எதையெதையோ ஒட்டினார். மூடி மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டினார்.

"ஒரே ஒரு சங்கதிண்ணே. ஹேண்டில் போட்டுச் சுத்துறதுக்கு எடமில்ல. தள்ளித்தான் கெளப்பணும்."

"தள்ளுனாக் கெளம்பும்ல?"

"சரிவு இருந்தாக் கெளம்பும். அல்லா உங்களுக்குப் பசுமலையவே குடுத்திருக்கான். அப்புறம் என்னண்ணே கவலை?"

அது உண்மைதான். எங்கள் தெரு சரிவுத் தெரு. காலையில் நாலு பேர் மேலிருந்து தள்ளினால், கீழே முக்கு திரும்புவதற்குள் வண்டி ஒரு உலுக்கு உலுக்கி, கரும்புகை விட்டு, 'டுக்கு டுக்கு டுக்கு' என்று உயிர் பிடித்துவிடும். அதோடு எங்கள் தெருவில் வெள்ளைத் துணி காயப்போடுகிற வழக்கம் நின்றது. ஒருமுறை கிளம்பிவிட்டால் காசிமாயன் சாயங்காலம் வீடு வரும்வரை எஞ்சினை நிறுத்த மாட்டான். பூ ஏற்றும்போதும் ஓடும், சாப்பிடும்போதும் ஓடும். மாட்டுவண்டிகள் மணியடித்துக்கொண்டு அவனை முந்திப் போகும். "ஸ்பீடு முக்கியமில்ல, எதிர்காலம்தான் முக்கியம்" என்பான்.

இப்படி இருக்கும்போதுதான் மாயக்காளின் மகள் ஒச்சாயிக்குக் காதுகுத்து வந்தது.

அந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். வெறும் மடி என்று நினைத்துவிடக் கூடாது. யார் மடியில் குத்தினார்களோ அவன்தான் மாமன். நாளைக்குப் பிள்ளை பெரியவளானால் முதல் சீர் அவனுடையது. கல்யாணப் பேச்சு எடுத்தால் முதல் வார்த்தை அவனிடம் கேட்க வேண்டும். காசிமாயனுக்கு ஒரு பையனும் இருக்கிறான். ஒச்சாயியை அந்தப் பையனுக்கென்று இவன் மனசுக்குள் எப்போதோ முடிச்சுப் போட்டாயிற்று.

இதில் ஒரு கொக்கி இருந்தது. மாயக்காளுக்குப் பெரியப்பா மகன் ஒருவன் உண்டு, வெள்ளைத்துரை. திருமங்கலத்தில் வாடகை சைக்கிள் கடை. அவனும் முறைக்கு மாமன்தான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் சம்மணம் போட்டு, மடியை விரித்துவைத்துக்கொண்டுதான் உட்காருவான். காது குத்துகிற ஆசாரிக்குப் பக்கத்திலேயே இடம் பிடிப்பான்.

பத்திரிகை கொடுக்க வந்த நல்லகாமன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "பத்தரைக்குள்ள நல்ல நேரம் முடியுது மச்சான். அந்த எஞ்சினக் கட்டிக்கிட்டு அழாம, பஸ்ஸுல வந்து சேருங்க. நீங்க வரலைன்னா வெள்ளைத்துரை மடியில வச்சுக் குத்திருவேன். அப்புறம் கோவிச்சுச் சடைக்காதீக."

"பஸ்ஸுலயா? தாய்மாமன் சீரு பஸ்ஸுலயா வரும்? அமெரிக்க வண்டியில வாரேன், ஊரே பாக்கட்டும். நீ கொட்டு மேளத்தோட எல்லைக்கு வந்து என்னைய அழைச்சிட்டுப் போ. அழைக்காம ஒரு அடி வைக்க மாட்டேன், ஆமா."

அழைப்பும் வழக்கம்தான். சீர் கொண்டுவருகிறவர்கள் ஊர் எல்லையில் நின்று தங்கள் கொட்டு மேளத்தை அடிப்பார்கள். சத்தம் கேட்டதும் தங்கச்சி புருஷன் தன் கொட்டோடு வந்து, மாலை போட்டுக் கூட்டிப்போக வேண்டும். கூப்பிடாமல் நுழைந்த மாமனை ஊர் சாகும்வரை சொல்லிக்காட்டும்.

எதிர்வீட்டுக்காரியான என்னை யாரும் வற்புறுத்திக் கூப்பிடவில்லை. ஆனாலும் இதைப் பார்க்காமல் விட எனக்கு மனசு வரவில்லை. தட்டுகள், வாழைத்தார், இரண்டு கிடாய், கொட்டுக்காரர்கள், சொந்தக்காரர்கள், நான் என்று தொட்டி நிறைந்தது. தெருவே சேர்ந்து தள்ளியது. காசிமாயன் வேட்டி சட்டையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மந்திரி மாதிரி கையசைத்தான். திருமங்கலம் தாண்டுவதற்குள் கிடாய் இரண்டும் கத்துவதை விட்டுவிட்டன. எஞ்சின் சத்தத்தில் தங்கள் குரல் எடுபடவில்லை என்று அவற்றுக்கே புரிந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் பல் ஆடியது.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். நல்ல நேரம் முடிய எவ்வளவோ இருக்கும்போதே அந்த ஊர் எல்லைப் புளியமரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம். அதற்கப்புறம் இறங்கி நடந்திருந்தால் சின்னப்பிள்ளைகூடக் காது குத்துகிற கோயிலுக்குப் போயிருக்கும்.

"அடிங்கப்பா கொட்ட!" என்றான் காசிமாயன்.

அடித்தார்கள். குச்சி எழும்புவதும் இறங்குவதும் தெரிந்தது. காதில் விழுந்தது டுக்கு டுக்கு டுக்கு.

"இன்னும் ஓங்கி அடிங்கப்பா!"

ஓங்கியும் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்கவில்லை. கோயிலோ ஊருக்கு அந்தப் பக்கம்.

தங்கப்பொண்ணு புருஷனின் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள்: "அந்தச் சனியனச் செத்த நேரம் நிறுத்தித் தொலையேன்!"

"நிறுத்தினா எப்பிடிக் கெளப்புறது?" அவன் கையை விரித்து நாலாபக்கமும் காட்டினான். சுற்றிலும் கரிசல் காடு. தட்டில் மாவைக் கொட்டித் தடவிவிட்ட மாதிரி சமதரை. "ஊருக்குள்ள தள்ளிக்கிட்டா போகச் சொல்ற? நல்லகாமன் பல்லைக் காட்டிச் சிரிக்கவா?"

"அப்ப எறங்கு. நடந்து போவோம்."

"அழைக்காமயா? என்னைய யாருன்னு நெனச்ச?"

இப்படியாக, எஞ்சினை நிறுத்தினால் மானம் போகும், நடந்தால் மானம் போகும் என்று அவன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். சைக்கிளில் போன ஒருவன் நின்று, "என்னண்ணே, வண்டி ரிப்பேரா?" என்று கேட்ட மாதிரி இருந்தது. காசிமாயன் மீசையைத் தடவிக்கொண்டு, "அழைப்புக்கு நிக்கிறோம்" என்று சொன்னான். சைக்கிள்காரன் பாவம் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுத் திருமங்கலம் பக்கமாக மிதித்துப் போய்விட்டான்.

கோயிலில் அந்த நேரம் நடந்ததை நான் பின்னால் ஒவ்வொருவராகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாயக்காள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "என்னமோ வண்டிச் சத்தம் மாதிரிக் கேக்குதுல்ல? எங்கண்ணனாத்தான் இருக்கும், போய்ப் பாருங்க" என்று புருஷனிடம் சொல்லியிருக்கிறாள்.

நல்லகாமன் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறான். "வண்டியா? நான் டீசலோடவே குடும்பம் நடத்துறவென், எனக்குத் தெரியாதா? அது கெணத்து ஆயில் எஞ்சினு. கருத்தக்கண்ணன் கெணத்துல தண்ணி பாயுது."

டிப்போ டிரைவர் சொல்லிவிட்டால் அப்புறம் யார் எழுந்து பார்ப்பார்கள்? ஆனால் கருத்தக்கண்ணன் அங்கேயே, பந்தலுக்குள்தான் உட்கார்ந்திருந்தான்.

"மாப்ள, நான் இங்கனதான இருக்கேன். என் எஞ்சின எவென் ஓட்டுறது?" என்று கேட்டவன், டீசல் திருடன்தான் வந்துவிட்டான் என்று ஒரு கம்பைத் தூக்கிக்கொண்டு தன் கிணற்றைப் பார்த்து ஓடினான். கிணறு வடக்கே. நாங்கள் கிழக்கே.

நல்லகாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். வெள்ளைத்துரை கேட்காமலேயே சம்மணம் போட்டு மடியை விரித்தான்.

இங்கே தங்கப்பொண்ணு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பூவும் பாவாடை சட்டையும் இருந்த தட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினாள்.

"எங்கடி போற? நம்ம மரியாத என்னாகுறது?"

"உன் மரியாதைய நீயே வச்சுக்கிட்டு இங்கனயே ஒக்காந்திரு. பிள்ளைக்குக் காது குத்தி முடிஞ்சா, அப்புறம் நீ மாமனில்ல, வழிப்போக்கன். அக்கா, வாங்க நீங்க."

நான் எப்போதோ இறங்கியிருந்தேன்.

நாங்கள் கோயிலுக்குள் மூச்சுவாங்க நுழைந்தபோது ஒச்சாயி வீரிட்டாள். வலது காதில் குத்தியாகிவிட்டது. பிள்ளை வெள்ளைத்துரையின் மடியில் துள்ளிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் பதவியேற்ற சந்தோஷம். ஆசாரி இடது காதுக்குக் கம்பியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!" என்றாள் தங்கப்பொண்ணு. "மாமன் எல்லையில வந்து காத்துக் கெடக்காக. இங்க எவென் மடியில வச்சு என்ன பண்ணிக்கிட்டிருக்கீக?"

மாயக்காள் ஒரே பாய்ச்சலில் வந்து ஆசாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினாள். "கெணத்து எஞ்சினா? கெணத்து எஞ்சினாய்யா அது? என் கூடப்பொறந்தவென் வாசல்ல வந்து நிக்கிறது உன் காதுக்குக் கெணத்து எஞ்சினாக் கேக்குதா?"

"கேட்டது கெணத்து எஞ்சின்தான்டி. உங்கண்ணன் அதுல ஏறி வருவாருன்னு நான் கண்டனா?" என்றான் நல்லகாமன். அந்த நிலைமையிலும் தான் சொன்ன எஞ்சின் சரி என்பதில் அவனுக்கு ஒரு திருப்தி.

"ஒத்தக் காதோட விடக் கூடாதும்மா, ஆகாது" என்றார் ஆசாரி.

"விடலை. இன்னொரு காது எங்கண்ணன் மடியிலதான். நேரம் முடியிறதுக்குள்ள கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அவென் வண்டியிலயே ஏறிருவேன்."

கடைசி மிரட்டல் நல்லகாமனை உலுக்கிவிட்டது. மாலையையும் மேளத்தையும் இழுத்துக்கொண்டு ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன். இதை யாராவது பார்த்தாக வேண்டுமல்லவா?

புளியமரத்தடியில் காசிமாயன் இன்னும் அதே மிடுக்கில் உட்கார்ந்திருந்தான். நல்லகாமன் கழுத்தில் நரம்பு புடைக்கக் கத்தினான்: "எறங்குங்க மச்சான்! வலது காது போச்சு! எஞ்சின நிறுத்திட்டு வாங்க!"

"என்ன மாப்ள?"

"வலது காது! வெள்ளைத்துரை மடியில!"

அது கேட்டுவிட்டது. காசிமாயனின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. மீசையில் இருந்த கை தானாக இறங்கிற்று. ஆனாலும் பாருங்கள், அப்போதும் அவன் கேட்டது: "நிறுத்தணுமா? ஓடட்டுமே மாப்ள. ஓடவிட்டுட்டு வாரேன்."

"ஓடவிட்டா எங்க மேளம் எவென் காதுல விழும்? கொட்டில்லாமக் கூட்டிட்டுப் போனான்னு நாளைக்கு டீக்கடையில நீங்களே பேசுவீக. எனக்கு அந்தப் பொல்லாப்பு வேணாம். நிறுத்துனா அழைப்பு. இல்லாட்டி நீங்க உங்க எஞ்சினோட இருங்க, நான் வெள்ளைத்துரையோட இருக்கேன்."

காசிமாயன் கரிசல் காட்டைச் சுற்றும் முற்றும் பார்த்தான். ஒரு மேடு, ஒரு வரப்புச் சரிவு, எங்காவது ஒரு பள்ளமாவது கிடைக்காதா என்று தேடினான். பிறகு குனிந்து, லத்தீப் பாய் மாட்டிவிட்டிருந்த கம்பியை இழுத்தான். எஞ்சின் நாலு முறை இருமிவிட்டு அடங்கியது. திடீரென்று கிடாய் கத்துவது கேட்டது. காக்கை கேட்டது. கொட்டுக்காரர்கள் தாங்கள் இவ்வளவு நேரம் என்ன தாளம் அடித்தோம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். மேளம் முழங்க, கழுத்தில் மாலையோடு, அமெரிக்க வண்டியை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, தாய்மாமன் கோயிலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான். பாதி வழியில் கம்போடு எதிரே வந்த கருத்தக்கண்ணன், "எங்கடா என் எஞ்சின்?" என்று அவன் சட்டையைப் பிடிக்கப் போனதை நாங்கள்தான் விலக்கிவிட்டோம்.

இடது காது காசிமாயன் மடியில் குத்தப்பட்டது. பிள்ளை அவன் வெள்ளை வேட்டியை நனைத்தது. வெள்ளைத்துரை எழுந்து போகவில்லை; பக்கத்திலேயே முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தான்.

"மொதக் காது யாரு மடியில குத்துனாகளோ அவென்தான் மாமன்" என்றான்.

"ஓட்டை போட மடி குடுத்தவனெல்லாம் மாமனா? நீ வெறும் மடிடா. நான் கூடப்பொறந்தவென்" என்றான் காசிமாயன்.

கிடாய்க் கறி இறங்கும்வரை இந்த வழக்கு நடந்தது. பெரியவர்கள் கடைசியில், இனி வரும் சீர் எல்லாவற்றுக்கும் இரண்டு பேரையும் அழைப்பது, முதல் தட்டை வெள்ளைத்துரை தூக்குவது என்று முடித்தார்கள். காசிமாயன் இலையில் கையை வைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சாப்பிட்ட தெம்பில் ஊரே திரண்டு வண்டியைத் தள்ளியது. கரிசல் மண் சக்கரத்தை விடவில்லை. நல்லகாமன் தள்ளாமல் ஓரமாக நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். "கெணத்துக்குப் பக்கத்துல நிறுத்திட்டுப் போங்க மச்சான், பழகுன எடம்" என்றான். வண்டி அங்கேயே புளியமரத்தடியில் நின்றது. நாங்கள் காலித் தட்டுகளோடு திருமங்கலம் வந்து மதுரை பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். வந்தார், ஏறினார், சாவியைத் திருப்பினார். பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. காசிமாயனுக்கு உடனே உயிர் வந்துவிட்டது.

"பாத்தியா? இம்புட்டுப் பேரையும் அள்ளிப் போட்டுக்கிட்டு எப்பிடிப் போகுது! எல்லாம் டீசலு."

"ஆமா. நிறுத்துனா மறுபடியும் கெளம்புது" என்றாள் தங்கப்பொண்ணு.